மீசை இல்லாதவனின் சவரப் பெட்டி

எங்கள் ஊரில் ஒரு மனிதன் சம்பாத்தியத்தைக் கரைக்கப் பல மரியாதையான வழிகள் உண்டு. பங்காளியோடு வரப்புத் தகராறில் வழக்கு நடத்தலாம். ஏத்தன் வாழை போட்டுக் காற்றுக்குக் கொடுக்கலாம். கோயில் கமிட்டிக்குத் தலைவராகலாம். நான் இவை எதையும் செய்யவில்லை. சவரம் செய்தேன்.

எல்லா ஆண்களும் செய்கிற காரியம்தானே என்பீர்கள். எல்லா ஆண்களும் எதையோ வழித்துப் போட்டுவிட்டு இட்லி தின்னப் போய்விடுகிறார்கள். அதற்குப் பெயர் களையெடுப்பு. சவரம் என்பது வேறு என்று எனக்குத் தெரியவந்தது 2004-க்குப் பிறகு, கல்யாணமான புதிதில். நாகர்கோவிலில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை. தினமும் முகம் வழித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று மேலதிகாரி உத்தரவு. மூன்று பிளேடு வைத்த பிளாஸ்டிக் ரேசரால் வழிப்பேன். கழுத்தும் கன்னமும் நெல் சுணை பட்டதுபோல் சிவந்து தடித்துப்போகும். மனைவி ஒருநாள் முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “வெளியாளுங்க பாத்தா நான் பிறாண்டினேன்னுல்லா நினைப்பாவ” என்றாள். அவள் மானத்தைக் காப்பாற்றத்தான் நான் ஆராய்ச்சியில் இறங்கினேன்.

வடசேரி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. மற்றவர்கள் அங்கே தடுப்புக்குப் பின்னால் என்ன பார்த்தார்களோ தெரியாது, நான் சோப்பு நுரை பார்த்தேன். உலகமெங்கும் உள்ள ஆண்கள் சவரத்தைப் பற்றி மட்டும் பேசுவதற்கென்று இணையத்தில் ஒரு மன்றம் வைத்திருந்தார்கள். நாம் தேரோட்டத்துக்குக் காட்டுகிற பயபக்தியை அவர்கள் நுரைக்குக் காட்டினார்கள். அவர்கள் வாக்கு இதுதான்: பிளாஸ்டிக்கைத் தூக்கி எறி. ஒற்றை பிளேடு போடுகிற பழைய இரும்பு ரேசருக்குத் திரும்பு. பிரஷ்ஷும் கட்டிச் சோப்பும் வாங்கு. முதலில் முடியின் போக்கில் வழி, அப்புறம் குறுக்கே, கடைசியில் எதிர்த்து. ஒவ்வொரு தடவையும் புதிதாக நுரை போடு.

இதை நான் வீட்டில் விளக்கியபோது அப்பா மண்வெட்டிக் காம்பைச் சீவிக்கொண்டிருந்தார். அப்பா வயல்காரர். “கன்னிப்பூ நெல்லுக்கே ரெண்டு உழவுதான் உழுகோம். இவன் மூஞ்சிக்கு மூணு உழவு கேக்காம்” என்று அம்மாவிடம் சொன்னார்.

அவருக்குப் புதனும் ஞாயிறும்தான் சவரம். குளிக்கிற சோப்பையே முகத்தில் தேய்த்து, மாதக்கணக்கில் மாற்றாத பிளேடால், கண்ணாடிகூடப் பார்க்காமல் வழித்துவிடுவார். மேலுதட்டில் மட்டும் கத்தி படாது. தடித்த மீசை, நடுவில் நரைத்து, ஓரத்தில் வெற்றிலைச் சிவப்போடு. எனக்கும் மீசை இருந்தது. எங்கள் தெருவில் எல்லா ஆண்களுக்கும் இருந்தது. எங்கள் பக்கம் மீசையை எடுப்பது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். அப்பன் செத்தால் மகன் எடுப்பான். சென்னையில் வேலை பார்க்கிற பையன்கள் அங்கே எடுத்துக்கொண்டாலும் ஊர் வருவதற்குள் எப்படியாவது வளர்த்துவிடுவார்கள். மொட்டை உதட்டோடு ஒருவன் தெருவில் நடந்தால் பெண்கள் குரலைத் தாழ்த்தி “எப்பம்?” என்றுதான் கேட்பார்கள்.

சேகரம் தொடங்கியது. வடசேரியில் பழைய சாமான் கடை வைத்திருந்தவர் என்னைக் கண்டாலே முகம் மலர்ந்தார். பித்தளை ரேசர், கைப்பிடியில் வரி போட்ட ரேசர், திருகினால் கதவுபோல் இரண்டு பக்கமும் திறக்கிற ரேசர் என்று ஒவ்வொன்றாக என் தலையில் கட்டினார். குளச்சல் பக்கம் கப்பல் சமையல்காரர் ஒருவர் வைத்திருந்ததாகச் சொல்லி ஒரு ஜெர்மன் சவரக்கத்தியையும் கொடுத்தார். மடக்கி விரிக்கிற கத்தி, மாட்டுக்கொம்புப் பிடி. அதைத் தீட்ட ஒரு தோல்வார். தோல்வாரில் தீட்டுகிற சத்தம் கேட்டு எங்கள் வீட்டு நாய் எழுந்து போய்விடும்.

பிரஷ்தான் உள்ளூரில் சரியாக அமையவில்லை. மஸ்கட்டில் இருந்த மச்சினனிடம் சொல்லி அனுப்பினேன். அவன் லீவில் வந்தபோது, வீட்டில் எல்லாரும் கூடியிருக்க, பெட்டியைத் திறந்தான். “அத்தான், தங்கம் கொண்டாரச் சொல்லுவாவ, செண்டு கொண்டாரச் சொல்லுவாவ. பன்னி மயிரு கொண்டாரச் சொன்ன ஒரே ஆளு நீங்கதான்” என்றான்.

அம்மாவுக்குக் காது கூர்மை. எங்கள் வீடு சைவம். முட்டை உடைத்த பாத்திரம்கூட வாசல் தாண்டியதில்லை. “அந்தச் சோப்பு என்னதுலடே செஞ்சது?” என்று அடுத்த கேள்வி வந்தது. தெரியாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் நான் மன்றத்தில் நாலு வருஷம் படித்தவன். மாட்டுக் கொழுப்பில் செய்த சோப்புதான் வழுவழுப்புக்கு உத்தமம் என்று விளக்கமாகச் சொன்னேன்.

அன்றைக்கே என் பெட்டி தொழுத்துக்குக் குடிபோனது. அங்கேதான் எங்கள் பசுமாடு நின்றது. தூணில் கண்ணாடியை மாட்டி, தண்ணீர்த் தொட்டி விளிம்பில் சோப்பை வைத்து நான் வழிக்க, மாடு தன் இனத்தின் கொழுப்பை நான் முகத்தில் பூசுவதை அசைபோட்டபடி பார்த்துக்கொண்டிருக்கும். தேங்காய்ச் சிரட்டையில் நுரை அடித்துப் படம் எடுத்து மன்றத்தில் போட்டேன். உலகம் பாராட்டியது, என்னையல்ல, சிரட்டையை. எங்கே கிடைக்கும் என்று கேட்டு எழுதினார்கள். எங்கள் வீட்டில் அடுப்பெரிக்கிற சாமான் என்று பதில் போட மனம் வரவில்லை.

நாளாக நாளாகக் கை படிந்தது. வெந்நீரில் நனைத்த துண்டு, ஊறவைத்த பிரஷ், மூன்று உழவு, படிகாரம், குளிர்ந்த நீர். கன்னத்தில் சுணை போய்விட்டது. இவ்வளவுக்கும் பிறகு பஸ் போயிருக்கும். “மூஞ்சி பளபளன்னு இருக்கு, ஆனா ஆபீஸ்ல காட்டதுக்கு அங்க போய்ச் சேரணும்லா, கேட்டேளா” என்பாள் மனைவி.

இப்படி என் முகம் சீராகிக்கொண்டிருந்தபோது அப்பாவின் நெஞ்சு கெட்டுப்போனது. 2011 என்று நினைவு. திருவனந்தபுரத்தில் பார்த்த டாக்டர், மூன்று அடைப்பு, ஆபரேஷன் செய்யாவிட்டால் எந்த நேரமும் எதுவும் நடக்கலாம் என்றார். அப்பா அதை ஒரு யோசனையாக மட்டும் எடுத்துக்கொண்டார். “நெஞ்சைப் பிளந்து பாக்கதுக்கு நான் என்ன பலாச்சக்கையா? பழுத்துட்டா இல்லையான்னு வெளிய இருந்தே தட்டிப் பாத்தாப் போராதா?” என்றார். பல மாதம் கெஞ்சினோம். அம்மா அழுதாள், நான் கத்தினேன், மனைவி பட்டினி கிடந்தாள். மசியவில்லை.

கடைசியில் வயல்தான் அவரை வழிக்குக் கொண்டுவந்தது. மடை திறந்துவிடப் போனவர் பாதி வரப்பில் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க முடியவில்லை. டிராக்டரில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். மறுநாள் காலையில் காப்பியைக் குடித்துவிட்டு, “செரி, கீறட்டும்” என்றார். வியாழக்கிழமை புறப்படுவதாக முடிவாகி, கார் சொல்லியாயிற்று. வீட்டில் எல்லாரும் சத்தம் போடாமல் நடந்தோம். சத்தம் கேட்டால் அவர் மனம் மாறிவிடுவாரோ என்று பயம்.

செவ்வாய்க்கிழமை காலையில் எனக்கு ஒரு ஞானோதயம். ஆஸ்பத்திரியில் பெரிய பெரிய டாக்டர்கள் முன்னால் நிற்கப் போகிறோம், மகன் லட்சணமாக இருக்கவேண்டாமா? செவ்வாயும் வெள்ளியும் முகத்தில் கத்தி படக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். படித்தவனுக்கு அதெல்லாம் உண்டா? ஜெர்மன் கத்தியைத் தீட்டி, மீசையின் ஓரத்தை மட்டும் ஒதுக்கினேன். இடப்பக்கம் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அதற்குச் சரியாக வலப்பக்கத்தை எடுத்தேன். வலப்பக்கம் குறைந்துவிட்டது. பூனைகளுக்கு அப்பம் பங்கு வைத்த குரங்கு என்ன செய்ததோ அதையே நான் என் மீசைக்குச் செய்தேன். கடைசியில் மூக்குக்குக் கீழே ஒரு கரப்பான் உட்கார்ந்ததுபோல் ஒரு துண்டு மிஞ்சியது. அதோடு யார் முன்னாலும் நிற்க முடியாது. அதையும் எடுத்தேன்.

சுத்தமான வழிப்பு. ஒரு கீறல் இல்லை. அந்தக் கணத்திலும் அதை நினைத்துக் கொஞ்சம் பெருமைப்பட்டேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

அம்மா மாட்டுக்குக் கழுநீர் கொண்டுவந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பாத்திரம் கீழே விழுந்தது. “அய்யோ, மனுசன் உசிரோட இருக்கச்சில மீசையை எடுத்துட்டு நிக்கானே பாவி!” என்று மார்பில் அடித்துக்கொண்டு அலறினாள். அவள் சொன்ன வார்த்தை எதுவும் யார் காதிலும் விழவில்லை. அலறல் மட்டும் விழுந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் தோவாளைச் சந்தையில் பூ வியாபாரம் செய்கிறவர். அப்பாவின் நெஞ்சு நிலவரம் முழுக்கத் தெரிந்தவர். சத்தம் கேட்டு மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தார். அம்மா மார்பில் அடிக்கிறாள், மகன் மீசை இல்லாமல் நிற்கிறான். இதற்கு மேல் ஒரு நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு என்ன சாட்சி வேண்டும்? ஒரு வார்த்தை கேட்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்பா உள்ளேயிருந்து நிலைப்படிக்கு வந்து என் உதட்டைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் முன்னறைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் ஏதாவது கேலி செய்திருந்தால் எனக்கு உயிர் வந்திருக்கும்.

காப்பி ஆறுவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் திரும்பி வந்துவிட்டார். கையில் வாழையிலையில் பொதிந்த ஆளுயர ரோசாப்பூ மாலை. பின்னால் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு தெருப்பெண்கள் சிலர். சாவு வீட்டில் துட்டி கேட்கிற முகத்தோடு நடை ஏறியவர், நாற்காலியில் அப்பாவைக் கண்டதும் அப்படியே நின்றார்.

“ஆருக்குடே மாலை?” என்றார் அப்பா.

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி. ஆஸ்பத்திரிக்குப் போறியன்னு சொன்னாவ. அதான்…”

“ஆஸ்பத்திரிக்குப் போறவனுக்கு மாலை போட்டு அனுப்புக வழக்கம் எப்பம் வந்து?”

அவர் என்னைப் பார்த்தார், நான் மாலையைப் பார்த்தேன். பெண்களில் ஒருத்திக்குச் சிரிப்பு வந்து, அதை அழுகையாக மாற்ற முயன்று, இருமினாள். அப்பா மாலையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு மோந்து பார்த்தார். “கொள்ளாம். புதுப் பூவு” என்றார். எல்லாரும் போனபிறகு என்னைக் கூப்பிட்டு, “கார் வேண்டாம்னு சொல்லிரு” என்றார்.

“அப்பா…”

“மவன் மீசையை எடுத்தாச்சு. ஊருக்காரன் மாலையும் கொண்டாந்தாச்சு. இனி பதினாறடியந்திரத்துக்கு இலை போடுகதுதான் பாக்கி. இதுக்குப் பொறவு நெஞ்சைக் கீறி என்ன காணப்போறான்?”

அது கேலி இல்லை. அவர் கை மாலையின் நாரைப் பிய்த்துக்கொண்டிருந்தது. இத்தனை மாதமும் வீம்பு என்று நாங்கள் நினைத்தது பயம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தப் பயத்தை அவர் ஒருவழியாக அடக்கிவைத்திருந்தார். நான் அதை அவிழ்த்துவிட்டுவிட்டேன்.

டாக்டருக்கு போன் செய்தேன். தேதி தள்ளினால் அடுத்து எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது, அதுவரை தாங்குமா என்றும் சொல்ல முடியாது என்றார். மீசை வளர எவ்வளவு நாள் ஆகும் என்று அவரிடம் கேட்க வாய் வரை வந்தது. மனைவி தன் கண்மைப் பென்சிலால் எனக்கு ஒரு மீசை வரைந்தாள். அசலைவிட அழகாகவே இருந்தது. அதோடு முன்னறைக்குப் போனேன். அப்பா ஒரு பார்வை பார்த்து, “நாடகம் எங்க, ராஜபார்ட்டு?” என்றார். வியர்வையில் மீசை இறங்கிக்கொண்டிருந்தது. போய்க் கழுவினேன்.

அன்றைக்கு எனக்கு வந்த பயத்தை எதோடு ஒப்பிடுவது என்று தெரியவில்லை. அப்பா செத்துவிடுவார், அதற்குக் காரணம் என் மேலுதடாக இருக்கும். தொழுத்துக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். வரி போட்ட ரேசர், கதவு திறக்கிற ரேசர், பன்றி மயிர், மாட்டுக் கொழுப்பு. இத்தனை வருஷம் இதற்காகத்தான் அலைந்தேனா என்று வெட்கமாக இருந்தது. மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். அது கழுத்தை உதறியது.

புதன்கிழமை அப்பாவின் சவர நாள். அவர் வழிக்கவில்லை. சாப்பாடும் சரியாக இறங்கவில்லை. மத்தியானம் கட்டிலில் மல்லாந்து படுத்து உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று, “மக்கா, இங்க வா” என்றார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“நான் செத்தா நீ என்ன எடுக்கணும்?”

“எதுக்குப்பா இப்போ அந்தப் பேச்சு?”

“சொல்லுடே.”

“மீசை.”

“ஒனக்க மீசை எங்க?”

என் கை மேலுதட்டுக்குப் போனது.

“எடுக்கதுக்கு மீசை இல்லாதவனுக்க அப்பன் எப்படிச் சாவான்?” என்றார். வக்கீல் கட்சிக்காரனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். “முறைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா? முதல்ல ஒனக்கு வளரணும். வளந்த பொறவுல்லா எனக்குச் சாவ முடியும். ராத்திரி முழுக்கக் கெடந்து யோசிச்சேன். செரியாத்தான் வருகு.”

நான் வாழ்க்கையில் கேட்ட மிக முட்டாள்தனமான வாதம் அது. “செரிதான் அப்பா” என்றேன்.

“காருக்குச் சொல்லு. ஆனா ஒண்ணு, நான் திரும்பி வீடு வந்து சேருக வரைக்கும் அது வளரக்கூடாது. ஒரு நெல்லு முளைகூடத் தெரியக்கூடாது.”

வியாழக்கிழமை விடிகாலையில் அம்மா என் பையில் அவள் கையாலேயே அந்தச் சோப்பை வைத்தாள். இலையில் பொதிந்து, நார் போட்டுக் கட்டி, பிரசாதம் வைப்பதுபோல். பிரஷ்ஷையும் மறக்கவில்லை.

திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியின் பொதுக் குளியலறையில் நான் செய்த சவரத்தை மன்றத்தில் ஒருவரும் செய்திருக்க மாட்டார்கள். கதவை ஆட்கள் தட்டத் தட்ட, பாதி உடைந்த கண்ணாடியில், மேலுதட்டுக்கு மட்டும் மூன்று தடவை. போக்கில், குறுக்கே, எதிர்த்து. அப்புறம் நாக்கை உள்ளே முட்டவைத்து விரலால் தடவிப் பார்ப்பேன். எங்கேயாவது சொரசொரத்தால் மறுபடியும் நுரை போடுவேன். ஆபரேஷன் அன்றைக்குக் காலையிலும் சாயங்காலமும் வழித்தேன். அவரைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்க்க விட்டபோது குழாய்களுக்கு நடுவே கண்ணைத் திறந்து, என் கண்ணைப் பார்க்கவில்லை, உதட்டைப் பார்த்தார். அப்புறம் மூடிக்கொண்டார்.

பிழைத்தார். வீடு வந்து சேர்ந்தார். மாலை கொண்டுவந்தவரே ஆரத்திக்குப் பூவும் கொண்டுவந்தார், இந்தத் தடவை கொஞ்சமாக.

வீடு வந்து சேருவது வரை என்பதுதானே ஒப்பந்தம்? அப்பா “வளத்துக்கோ” என்று சொல்லுவார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நாள் போனது, வருஷம் போனது. கல்யாண வீடுகளில் தூரத்துச் சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்ததும் முகத்தைத் தொங்கப்போட்டு, “அப்பா எப்பம்? ஒரு சொல்லு சொல்லிவிடலியே” என்பார்கள். “பந்தியில இருக்காரு, ரெண்டாம் பாயசம் குடிக்காரு” என்பேன். அலுவலகத்தில் எனக்கு வடக்கத்தி நடிகன் என்று பெயர் வைத்தார்கள். மன்றத்தில் ஒருவர், மேலுதட்டை மட்டும் இவ்வளவு நுணுக்கமாக வழிக்கிறீர்களே, என்ன காரணம் என்று கேட்டார். அங்கே தோல் மென்மை என்று எழுதினேன்.

கொஞ்ச வருஷம் கழித்து ஊரெல்லாம் ஒரு விஷக்காய்ச்சல் பரவியது. எனக்கும் வந்தது. கைமூட்டெல்லாம் வீங்கி, ஒரு தம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. படுத்த படுக்கையாகக் கிடந்தேன், முகத்தை யார் பார்த்தார்கள்? கன்னம், தாடை, உதடு எல்லாம் முளைத்துக் கிடந்தது. அம்மாவும் மனைவியும் கஞ்சி கொடுத்தார்கள், மருந்து கொடுத்தார்கள். அப்பா வாசல் வரை வந்து பார்ப்பார், உள்ளே வராமல் போய்விடுவார். போகிற காலடிச் சத்தம் முன்னறையில் அங்குமிங்கும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஒரு நாள் காலையில் உள்ளே வந்தார். ஒரு கையில் வெந்நீர்ச் செம்பு, இன்னொரு கையில் என் பெட்டி. செம்பு ஆடித் தண்ணீர் தரையெல்லாம் சிந்தியது. இரண்டையும் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தபடி நின்றார்.

“எந்திரிச்சு மேலுதட்டை மட்டும் ஒண்ணு வழிச்சிரு மக்கா” என்றார். “எனக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்.”

எழுந்து உட்கார்ந்தேன். அவர் பிரஷ்ஷை எடுத்துச் செம்பில் முக்கினார்.